படி இல்லாத இடங்கள்

ஆனந்தராஜ் சுகாசினியை முதன்முதலில் பார்த்தது மூன்று படிகளுக்குக் கீழே.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு இ-சேவை மையம். மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க ஆனந்தராஜும் அவன் மனைவி ரேவதியும் கூரத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தார்கள். கடை வாசலில் மூன்று படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. ரேவதி மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, "உன் கைரேகை வேணுமாம்பா" என்றாள்.

ஆனந்தராஜ் படியைப் பார்த்தான். வலது கால் தொடைக்குக் கீழே கிடையாது. இடது காலில் பாதி பலம்தான். தூக்கச் சொல்லி ஆட்டோக்காரரைக் கேட்க வேண்டும். தெருவே நின்று பார்க்கும். "இன்னொரு நாள் வரலாம், கெளம்பு" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கடையின் பக்கத்துச் சந்திலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு சைடு வீல் ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். மடியில் லேப்டாப், கழுத்தில் மாலை மாதிரி ஒயர், அதன் நுனியில் கைரேகைக் கருவி.

"ஆனந்தராஜ் நீங்கதானேண்ணா? கட்டை விரலை நீட்டுங்க."

"நீ எதுக்கும்மா வெளிய வந்தே? நான் எப்படியாவது ஏறியிருப்பேன்."

"எப்படியாவதுன்னா எப்படி? எனக்கே அந்தப் படி ஏறாது. நான் பின்பக்கமாத்தான் உள்ள போறேன். சரிவு கட்டுங்கன்னு ஓனர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கேன். அவர் கட்டற வரைக்கும் கடை படிக்குக் கீழதான் நடக்கும்." விரலைப் பிடித்துக் கருவியில் அழுத்தினாள். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. கயித்த இழுத்து இழுத்து ரேகையே தேஞ்சி போயிருக்குது உங்களுக்கு. இன்னா வேலை செஞ்சீங்க?"

"பந்தல்."

"அதான்."

அவ்வளவுதான் அன்றைய பேச்சு. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஆனந்தராஜுக்கு அந்த ஹாரன் சத்தம் காதிலேயே இருந்தது. மூன்று வருடமாக அவனைப் பார்த்த எல்லோரும் முதலில் காலைப் பார்த்தார்கள், அப்புறம் முகத்தைப் பார்த்தார்கள். விரலைப் பார்த்து அவன் தொழிலைக் கேட்டது இவள் ஒருத்திதான்.

கூரத்தில் ஆனந்தராஜ் பந்தல் என்றால் சுற்று வட்டாரத்துக்கே தெரியும். திருவிழாவா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, எதுவானாலும் அவன் சவுக்குக் கம்பும் கயிறும் போய் நிற்கும். அப்படி ஒரு கூட்டத்துக்கு மேடை போடும்போது இரும்பு வளைவு சரிந்து விழுந்தது. வேறு யாரோ அவசரத்தில் கட்டிய முடிச்சு. வளைவுக்குக் கீழே நின்றது ஆனந்தராஜ். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, டி.வி., ஜன்னல்.

சுகாசினி போட்ட விண்ணப்பத்தில் அட்டை வந்தது. அவளே அடுத்த விண்ணப்பத்தையும் போட்டு அரசாங்க ஸ்கூட்டரும் வந்தது, பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்தது. ஆனந்தராஜ் அதை மாட்டுக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினான். ரேவதி கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்றான். ரேவதி பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள், மனிதர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு குரல் செய்தி வந்தது. "ஆனந்தராஜ் அண்ணா, இ-சேவை சுகாசினி பேசறேன். மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலியா வெச்சிக்கோங்க. டூர் போறோம். நாலு பேர், நாலு வண்டி. டீட்டெய்ல் நேர்ல வந்து சொல்றேன்."

அவன் பதில் போடவில்லை. போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்த கையோடு அவள் தன் ஊர் முசரவாக்கத்திலிருந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஹாரன் அடித்தாள். ஆனந்தராஜ் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"உங்க வண்டி எங்கண்ணா?"

அவன் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினான். தார்ப்பாயின் மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"கோழிக்கு நல்லா யூஸ் ஆகுது" என்றாள் சுகாசினி.

ரேவதி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு மோர் கொண்டு வந்து கொடுத்தாள். சுகாசினி மோரைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் கடையில் ஊர் ஜனம் டிக்கெட் பதிவு செய்ய வருகிறது. ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம். போட்டோவைக் காட்டிக் காட்டி அவள் கையாலேயே எத்தனையோ பேரை மலையேற்றி அனுப்பியிருக்கிறாள். அவள் போனதில்லை.

"நாமளும் போவலாம்னா ஊட்டிக்கே போவலாமே?" என்றான் ஆனந்தராஜ், ஒப்புக்கு.

"அதுக்கு மொதல்ல பஸ்ல ஏறணும். ராத்திரி தங்கணும். அந்த லாட்ஜுல பாத்ரூம் கதவு எத்தினி அகலம்னு போன்ல கேட்டா, சிரிச்சுட்டு வெச்சுடறாங்க. அதான், வேற மாதிரி யோசிச்சேன். எங்க வண்டி எவ்வளவு தூரம் போவுமோ, அவ்வளவு தூரத்துல ஊட்டி எங்க இருக்குதுன்னு தேடினேன்."

போனை நீட்டினாள். ஜனவரியிலிருந்து ஞாயிறுதோறும் தனியாகப் போய் அவள் பார்த்து வந்த இடங்கள். பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் குறிப்பு. ஆனந்தராஜ் தள்ளிப் பார்த்தான்.

"கோயில். ரொம்ப அழகு. பதினோரு படி. வேண்டாம்."

"பார்க். வாசலில் சுற்றுகிற கம்பி கேட். வண்டி நுழையாது. வாட்ச்மேன் நல்லவர், ஆனால் கம்பி கம்பிதான்."

"ஏரிக்கரை. காற்று சூப்பர். பத்து மணிக்கு மேல் நிழல் கிடையாது."

"தோட்டம். நிழல் உண்டு. ஓனருக்கு நம்மைப் பார்த்ததும் முகம் மாறியது. வேண்டாம்."

கடைசிக் குறிப்பை ஆனந்தராஜ் இரண்டு முறை படித்தான். ஒரு இடத்துக்குக் குறை சொல்லும்போது அவள் மனிதர்களின் முகத்தையும் ஒரு படியாகக் கணக்கில் எடுத்திருந்தாள். இவ்வளவு வெயிலில், தனியாக, இந்தச் சக்கரத்தில், பதினான்கு முறை போய் வந்திருக்கிறாள். பந்தல் போடப் போகும் ஊருக்கு முதல் நாளே போய் மண்ணை மிதித்துப் பார்க்கிற பழக்கம் அவனுக்கும் இருந்தது. அதனால் அந்தப் பட்டியலின் அருமை அவனுக்குச் சட்டென்று விளங்கியது.

"பதினாலுல ஒண்ணு தேறிச்சு" என்றாள் சுகாசினி. "உத்திரமேரூர் போற பக்கம், உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு. ஆதிகேசவன்னு ஒருத்தரோடது. பம்ப் செட் இருக்குது. பெரிய தொட்டி. தொட்டிச் சுவர் நம்ம வண்டி சீட் உயரம்தான், அப்படியே நவுந்து உள்ள எறங்கிடலாம். ரோட்லேர்ந்து தொட்டி வரைக்கும் வண்டி போவும். ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

பம்ப் செட் என்றதும் ஆனந்தராஜ் நிமிர்ந்து பார்த்தான். மூன்று வருடமாக அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக் குளிக்கிறான்.

"எனக்கு வேணாம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

சுகாசினி ரேவதியைப் பார்த்தாள். ரேவதி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் சுகாசினி குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்: "கக்கூஸ்தானேண்ணா பிரச்சினை?"

அவனுக்கு முகம் சூடானது. ஒரு தடவை கல்யாண மண்டபம் ஒன்றில் அவன் பட்ட பாட்டை ரேவதியிடம்கூடச் சொன்னதில்லை. குத்துக்கால் இட முடியாதவனுக்கு வெளியூர் என்பது அந்த ஒரு அறைதான்.

"எனக்கும் அதேதான்" என்றாள் அவள். "ஆறு வருஷமா வெளிய போற அன்னிக்கெல்லாம் தண்ணி குடிக்காமப் போய்ப் போய் கிட்னில கல்லு வந்துச்சு. அதனால நான் எங்க போனாலும் மொதல்ல பாக்கறது அதைத்தான். ஆதிகேசவன் ஐயா வீட்ல வெஸ்டர்ன் இல்ல. நாற்காலி மாதிரி நடுவுல ஓட்டை போட்ட ஸ்டூல் இருக்குதே, அதை அவர் சம்சாரம் முட்டி வலிக்காக வாங்கி வெச்சிருக்காங்க. கதவு முப்பத்தி ரெண்டு இஞ்ச். அளந்துட்டேன். தண்ணி குடிச்சுக்கினே வரலாம்."

ஆனந்தராஜ் கட்டைகளை மாற்றி ஊன்றினான். பிறகு கொட்டகையைப் பார்த்து, "அந்தக் கோழிய வெரட்டு ரேவதி" என்று குரல் கொடுத்தான்.

ஏப்ரல் முழுக்க அவன் ஓட்டப் பழகினான். முதலில் வீட்டு வாசல், அப்புறம் தெரு, அப்புறம் ஏரிக்கரை வரை. திருப்பங்களில் பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்வது பழகும்வரை பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே ஓட்டினான். ரேவதி கடைக்குப் போகும் முன் தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். அவளுக்கு வர ஆசைதான். ஆனால் மே மாதம் முகூர்த்த மாதம், ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமிருக்காது, லீவு என்ற சொல்லையே எடுக்க முடியாது.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிறு. காலை ஆறரை மணிக்குச் செவிலிமேடு பாலத்துக்கு இந்தப் பக்கம் நான்கு வண்டிகள் சேர்ந்தன. சுகாசினி. ஆனந்தராஜ். பஸ் நிலையத்தருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிறிஸ்டோபர், எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற ஆள். நாலாவது மஹாலட்சுமி. வீட்டிலிருந்தே வீடியோவில் புடவை காட்டி வெளியூர்க்காரர்களுக்கு விற்கிறவள், இரண்டு காலிலும் காலிபர் என்னும் தாங்கு கருவி போட்டவள். அவள் மாற்றுத் துணியை ஒரு ஜவுளிக்கடைப் பையில் புதிதாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ரூல்ஸ் கேட்டுக்கோங்க" என்றாள் சுகாசினி. "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். மெதுவா போறவங்க முன்னாடி. அவசரம் யாருக்கும் இல்ல. பசங்க போட்டோ எடுத்தா எடுக்கட்டும், நின்னு சண்ட போடக்கூடாது. கிறிஸ்டோபர், உன்னைத்தான் சொல்றேன்."

"நான் போஸ் குடுப்பேன்" என்றான் கிறிஸ்டோபர்.

பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. கீழே பாலாறு முழுக்க மணல், நடுவில் மட்டும் கோரைப்புல் பச்சையாக ஒரு கோடு. முன்னால் போனது ஆனந்தராஜ், ஏனென்றால் அவன்தான் மெதுவாகப் போகிறவன். பின்னால் வந்த மணல் லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் கொஞ்ச தூரம் பொறுமையாக வந்து, பாலம் முடிந்ததும் கையை ஆட்டிவிட்டு முந்திப் போனது. வேலை செய்த காலத்தில் இந்த ரோட்டில் கம்பு ஏற்றிய வண்டியின் மேல் உட்கார்ந்து எத்தனை முறை போயிருப்பான்! அப்போதெல்லாம் ரோட்டைப் பார்த்ததேயில்லை. இன்று புளியமர நிழல் ஒவ்வொன்றும் மேலே விழுந்து விலகுவது தெரிந்தது. வழியில் ஒரு டீக்கடையில் வண்டியில் உட்கார்ந்தபடியே டீ குடித்தார்கள். கடைக்காரர் தாமாகவே கொண்டு வந்து கொடுத்தார். சுகாசினி முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தோப்பு வாசலில் ஆதிகேசவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும், நல்ல திடம். "வாங்கப்பா, வாங்கம்மா" என்று ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகச் சொன்னார். மாமரங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் நான்கு வண்டிகளும் வரிசையாகப் போயின. காய்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கின. தண்ணீர் விழும் சத்தம் தூரத்திலேயே கேட்டது.

தொட்டியைப் பார்த்ததும் சுகாசினி பிரேக் பிடித்தாள்.

சுவர் உயரமாக இருந்தது. பழைய சுவரின் மேல் புதுச் செங்கல் வரிசை சிமெண்ட் பூச்சோடு வெளுப்பாகத் தெரிந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தவளின் தோள் மட்டம்.

"ஐயா, இது எப்ப ஏத்தினீங்க?"

"பங்குனியிலம்மா. கன்னுக்குட்டி ஒண்ணு உள்ள விழுந்துடுச்சி. அதான் ரெண்டடி தூக்கிக் கட்டினேன்." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிசைந்தார். "எனக்குத் தோணவே இல்லம்மா. அதனால இன்னா, நான் இருக்கேன், பக்கத்துல ரெண்டு ஆள கூப்புட்டா ஒவ்வொருத்தரா தூக்கி விட்டுடறோம்."

"வேணாங்கய்யா" என்றாள் சுகாசினி. கோபமில்லை, ஆனால் அதற்கு மேல் யாரும் பேச முடியாத குரல். பிறகு மற்ற மூவரின் பக்கம் வண்டியைத் திருப்பினாள். "என் தப்பு. பிப்ரவரில பாத்தது. நேத்து ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும், கேக்கல. பதினாலு எடம் பாத்தேன்ற தெனாவெட்டு."

மஹாலட்சுமி மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லக்கா" என்றாள். குரலில் பரவாயில்லை என்பது இல்லை.

"ஓஸ் பைப் இருக்குதா ஐயா? வண்டி கழுவற மாதிரி எங்களக் கழுவி அனுப்பிடுங்க" என்றான் கிறிஸ்டோபர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனந்தராஜ் சுகாசினியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொழிலில் மேடை சாய்ந்தால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள். லைட்காரன் என்பான் ஒருவன், மழை என்பான் ஒருவன். அவன் காலை எடுத்த அந்த முடிச்சை நான்தான் கட்டினேன் என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. இவளோ, கன்றுக்குட்டியால் வந்த குறையைத் தன் பேரில் எழுதிக்கொண்டு, அதிலேயே தேங்கி நிற்காமல் அடுத்தது என்ன என்று நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கிறாள். அவள் கண் போன இடமெல்லாம் அவன் கண்ணும் போயிற்று. மோட்டார் கொட்டகை. வைக்கோல். கொட்டகைச் சுவரோரம் பாகல் கொடிக்குப் பந்தல் போட வாங்கிச் சாய்த்து வைத்த சவுக்குக் கம்புகள்.

"ஐயா, அந்தச் சவுக்கு எத்தினி இருக்குது?"

"முப்பது இருக்கும்பா."

"கயிறு?"

"தேங்கா நார்க் கயிறு ஒரு கட்டு. நைலானும் இருக்குது."

"நார்க் கயிறே போதும். தண்ணி பட்டா இறுகும்." ஆனந்தராஜ் வண்டியைச் சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். "பலகை நாலு வேணும். கடப்பாரை ஒண்ணு. மோட்டார் எத்தினி மணி வரைக்கும் ஓடும்?"

"த்ரீ பேஸ் கரண்ட் பன்னெண்டு வரைக்கும்" என்றாள் சுகாசினி. அதை மட்டும் அவள் நேற்றே நெட்டில் பார்த்து வைத்திருந்தாள். மணி எட்டே கால்.

குழி தோண்டியது ஆதிகேசவன். அளவு சொன்னது ஆனந்தராஜ். வண்டி சீட் உயரத்தில் ஒரு மேடை, அதிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக உயர்ந்து சுவர் மட்டத்துக்கு இன்னும் மூன்று மேடைகள். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து ஏறிவிடலாம். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பு. தரையில் ஒரு சாக்கை விரித்து அதில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முடிச்சையும் அவனே போட்டான். முதல் முடிச்சில் விரல்கள் தயங்கின. இரண்டாவதில் இல்லை. கிறிஸ்டோபர் கயிற்றை அளந்து வெட்டிக் கொடுத்தான், கேலியை மறந்துவிட்டு. மஹாலட்சுமி பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளைத் தட்டி மடக்கினாள். சுகாசினி ஒரு யோசனையும் சொல்லவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். இவ்வளவையும் திட்டம் போட்டவள், தனக்குத் தெரியாத வேலை என்று கண்டதும் எப்படி ஒதுங்கி நிற்கிறாள் என்பதையும் அவன் கவனித்தான்.

தொட்டிக்குள் இறங்க ஒரு தளம் வேண்டியிருந்தது. ஆதிகேசவன் துணி துவைக்கும் கல்லைப் புரட்டி உள்ளே இறக்கினார். பத்து மணிக்கு வேலை முடிந்தது.

"கட்டினவன்தான் மொதல்ல ஏறணும்" என்றான் ஆனந்தராஜ். அது பந்தல்காரர்களின் வழக்கம். சொல்லிவிட்டானே தவிர, மேடையில் கையை வைத்ததும் உடம்பு நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சத்தம், இரும்பு வளைவு முனகிக்கொண்டே சரிந்த சத்தம், காதுக்குள் வந்தது.

சுகாசினி வண்டியை அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"முடியலன்னா சொல்லுங்கண்ணா. நான் ஏறறேன். நான் வெயிட் கம்மி. உங்க முடிச்சு மேல எனக்கு நம்பிக்கை இருக்குது."

"ஒனக்கு இன்னா தெரியும் என் முடிச்சப் பத்தி?"

"விரலைப் பிடிச்சுப் பாத்தவ நான்."

ஆனந்தராஜ் கம்பைப் பிடித்தான். முதல் மேடைக்கு நகர்ந்தான். கம்பு லேசாகக்கூட முனகவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. சுவர் மேல் உட்கார்ந்தபோது மாமர இலைகள் தலையைத் தொட்டன. இவ்வளவு உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. கல்லின் மேல் இறங்கி, அதிலிருந்து தண்ணீருக்குள் சரிந்தான்.

தண்ணீர் கழுத்துவரை ஏறியது. பூமிக்கு அடியிலிருந்து வந்த குளிர்ச்சி உடம்பை ஒரு நொடி அதிரவைத்துவிட்டு அப்படியே ஏந்திக்கொண்டது. பாதி பலமுள்ள இடது கால் தண்ணீரில் முழு பலமுள்ளதுபோல் உதைத்தது. குழாய்க்கு அடியில் போய்த் தலையைக் கொடுத்தான். தடதடவென்று தண்ணீர் மண்டையில் விழுந்து காதை அடைத்தது. அழுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"உயிரோட இருக்கீங்களாண்ணா?" என்று கிறிஸ்டோபர் கத்தினான்.

"வாடா உள்ள!"

கிறிஸ்டோபர் வந்தான். மஹாலட்சுமி காலிபரைக் கழற்றிவிட்டு, நைட்டியின் மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பட்டதும் அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. ஆதிகேசவனின் மனைவி வீட்டிலிருந்து ஓடி வந்தாள், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து. விஷயம் தெரிந்ததும் அவள் அங்கேயே நின்று சிரித்தாள். அப்புறம் அந்த மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இத பிரிச்சிடாதீங்க. இந்த மூட்டுவலியோட நானும் ஏறிக் குளிக்கலாம் போல இருக்குதே" என்று கணவரிடம் சொன்னாள்.

சுகாசினி இன்னும் வெளியேதான் இருந்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொரு மேடையின் உயரத்தையும் அளந்து போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆதிகேசவனின் மனைவியிடம் குளியலறை ஸ்டூல் இடம் மாறாமல் இருக்கிறதா என்று கேட்டாள். மதியச் சாப்பாட்டுத் தூக்குகளை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றச் சொன்னாள்.

"போதும்மா! பன்னெண்டு மணிக்கு கரண்ட் போயிடும்" என்றான் ஆனந்தராஜ்.

அவள் ஏறினாள். நான்கு மேடைகளையும் கையால் கடந்து, சுவரில் ஒரு நொடி உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கி, நேராகக் குழாய்க்கு அடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் அசையவில்லை. ஜனவரியிலிருந்து அலைந்தவள், எல்லோருக்கும் தண்ணீரும் நிழலும் கதவின் அகலமும் பார்த்து வைத்தவள், அந்தத் தண்ணீருக்கு அடியில் யாருக்கும் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற மூவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு தொட்டியின் மறுமூலைக்கு ஒதுங்கினார்கள், அந்தக் குழாயை அவளுக்கு விட்டுவிட்டு.

மின்சாரம் சொன்ன நேரத்துக்கு நின்றது. மாமர நிழலில் புளிச்சோறும் அப்பளமும் சாப்பிட்டார்கள். ஆதிகேசவன் பழுத்தது பார்த்து ஆளுக்கு ஒரு பை மாம்பழம் கட்டிக் கொடுத்தார். ஆனந்தராஜ் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

வெயில் தாழ்ந்து ஊர் திரும்பினான். கடை முடிந்து ரேவதி வந்தபோது வாசலில் வண்டி நின்றிருந்தது, தார்ப்பாய் இல்லாமல். அவன் சொல்ல ஆரம்பித்தவன் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. சுவர் உயர்ந்த கதை, முடிச்சு, தண்ணீர் எல்லாம் சொன்னான். ஆனால் திரும்பத் திரும்ப வந்து நின்றது சுகாசினியிடம்தான். "தப்பு என்னுதுன்னு அப்பவே சொல்லிடுச்சு ரேவதி. யார் சொல்றாங்க அப்படி?"

ரேவதி அவனுடைய கையைப் பார்த்தாள். நார்க் கயிறு அறுத்த புதுத் தடங்கள் இருந்தன. அவள் எண்ணெய் எடுத்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. "அந்தப் பொண்ணைப் பாக்கணும், கூட்டிக்கினு போ" என்றாள். ஆனந்தராஜ் வண்டியைக் கிளப்பினான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் அவன் பின்னால் உட்கார்ந்து போன பயணங்கள் பல உண்டு. இந்த முறை அவன் தோளை அவள் பிடித்த பிடியில் கொஞ்சம் பயமும் நிறையப் பெருமையும் இருந்தன. வழியெல்லாம் அவள் சுகாசினியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். உன்னால்தான் என்று ஆரம்பிக்கலாம். அல்லது மூன்று வருடமாக என்று ஆரம்பிக்கலாம்.

கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் சந்திலிருந்து சுகாசினி வந்தாள். ரேவதி இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோத்து வைத்தது எல்லாம் அறுந்துபோய், கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

"அய்யோ, அக்கா, அதெல்லாம் அப்பறம்" என்றாள் சுகாசினி, போனை எடுத்துக்கொண்டு. "அண்ணன் மேடை கட்டுவாருன்னு தெரிஞ்சதும் நான் வேணாம்னு தள்ளின எடத்தையெல்லாம் மறுபடி பாத்துக்கினு இருக்கேன். நாளைக்கு எட்டு பேருக்கு போன் போடணும். மொதல்ல நீங்க சொல்லுங்க. நீங்களும் வரணும். ஜூன் மாசம் கடையில கூட்டம் கொறைஞ்சு உங்களுக்கு லீவு தட்டாம கெடைக்கிற செவ்வாக்கிழமை எது?"

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, "மூணாவது வாரம்" என்றாள்.